வெள்ளிக்கிழமை லாரியும் காணாமல்போன ஃபைலும்

1. சாக்கில் வந்த சிபியு

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருப்பேன். அதற்குள் ஒருவர் சாக்கு மூட்டை ஒன்றைக் கடைப்படியில் இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது. கமிஷன் கடைக்குப் போகவேண்டிய சரக்கை யாரோ தெரு மாறி இறக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அண்ணே, ஏலக்காய் யாவாரமெல்லாம் அந்தத் தெருவுல."

"ஏலக்காய் இல்ல தங்கச்சி, கம்ப்யூட்டரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும்."

அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நிஜமாகவே சிபியு. ஃபேன் இடுக்கில் ஏலக்காய்க் காம்பும் தூசியும் அப்பிக் கிடந்தன. எங்கள் ஊரில் எதைச் சுற்றவும் கைக்கு முதலில் கிடைப்பது ஏலக்காய்ச் சாக்குதான். அதனால் நான் சர்வீஸ் செய்த மிஷின்களில் பாதி வாசமாகவே இருக்கும்.

போடியில் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறேன் இப்போது. நசீமா என்ற பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, தெருவில் நான் 'கம்ப்யூட்டர் அக்கா'தான். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். ரேம் மாற்றுவதும் பேஸ்ட் தடவுவதும் வீடியோவிலேயே கிடைக்கிறது, அதற்கு நான் எதற்கு? வீடியோவில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

சாக்கோடு வந்தவர் சின்னச்சாமி அண்ணன். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் அவருடையது ஒன்று. அவர் வண்டி என்றால் மேலே போய்ச் சேரும்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று பெண்கள் அடித்துப்பிடித்து ஏறுவார்கள். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவரும் என்னைப்போல வீட்டில் அடைந்தவர்தான்.

"என்னண்ணே கம்ப்ளைண்ட்டு?"

"ஆட்டம் தெறக்க மாட்டேங்குது."

"என்ன ஆட்டம்?"

"லாரி ஓட்டுற ஆட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மேசையில் அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து மிஷினும் ஜெராக்ஸ் கடை மிஷினும் வரிசையில் இருந்தன.

"கேம்தானேண்ணே. வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் பாப்போம்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடணும் தங்கச்சி. அதுக்குமேல ஓடினா என்ன, ஓடாட்டி என்ன."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிபியுவை மட்டும் விட்டுவிட்டுப் போகிற ஆளாகத் தெரியவில்லை. அன்று புதன்கிழமை.

2. பொது அண்டா

மிஷினை மாட்டி ஆன் செய்தேன். முதலில் என்ன மெசேஜ் வந்தது என்று கேட்டதற்கு, போனில் எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டினார். MSVCP140.dll காணவில்லை, புரோகிராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பார்க்கவும் என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. என் கடை ஓடியதே ஒரு காலத்தில் இந்த மெசேஜால்தான். பிரவுசிங் சென்டராக இருந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கேம் சிடியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்கள். "அக்கா, அந்த ஃபைலு இல்லையாம்க்கா, இருந்தாக் குடுங்கக்கா" என்று கவுன்ட்டரில் தொங்குவார்கள். ஒரு கேமுக்கு சவுண்டு ஃபைல் இருக்காது, இன்னொன்றுக்கு கிராஃபிக்ஸ் ஃபைல் இருக்காது. சரிசெய்து, கறுப்பாக இருந்த ஸ்கிரீனில் கேமின் பெயர் மெல்லத் தெளிந்து மியூசிக் கேட்கும்போது கடை முழுக்க ஒரு கூச்சல் எழும் பாருங்கள், அதற்காகவே இன்னும் நான்கு மிஷினைப் பார்க்கலாம் என்று தோன்றும். அந்தப் பையன்களில் பாதிப்பேர் இப்போது கோயம்புத்தூரிலும் சார்ஜாவிலும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

டிஎல்எல் என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் சொன்னதையே அண்ணனுக்கும் சொன்னேன்.

"பெரிய பிரியாணி அண்டா எல்லா வீட்லயுமா இருக்கு? பள்ளிவாசல்ல பொதுவுல இருக்கும். கல்யாணம் வச்சவுங்க எடுத்துச் சமைச்சிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வைப்பாங்க. அது மாதிரி, பல புரோகிராமுக்குப் பொதுவா விண்டோஸ்ல சில ஃபைலு இருக்கும். ஒங்க ஆட்டம் அண்டாவைத் தேடி வந்திருக்கு, அண்டா இல்ல. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? அப்ப வெரசா எடுத்து வையி."

வைத்திருப்பேன். ஆனால் கேமை நான் திறந்தபோது அந்த மெசேஜ் வரவே இல்லை. வேறொன்று வந்தது. அப்ளிகேஷன் சரியாகத் தொடங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, பூஜ்யமும் எழுத்துமாக நீளமான ஒரு எரர் நம்பர். முடிவில் ஏழும் பி-யும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நம்பர் தானாக வருவதில்லை, யாராவது கைவைத்தால்தான் வரும்.

"அண்ணே, இதுல யாரு கை வச்சது?"

அவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். "நம்ம தங்கராசுதான்."

3. தங்கராசுவின் வைத்தியம்

தங்கராசு ஜீப் மெக்கானிக். போடி ஜீப்புகளைப் பற்றித் தெரிந்தால்தான் தங்கராசுவைப் புரிந்துகொள்ள முடியும். மலையேறும் ஜீப் ஒவ்வொன்றும் பத்து ஜீப்பின் பிள்ளை. கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து வந்திருக்கும், ஆக்சில் இன்னொன்றிலிருந்து, கதவு இருந்தால் அது மூன்றாவதிலிருந்து. கம்பெனியில் பார்ட்ஸ் நின்றுபோய் வெகுகாலம் ஆகியும் அந்த வண்டிகள் ஓடுவதற்குத் தங்கராசு மாதிரி ஆட்கள்தான் காரணம். ஒரு வண்டியில் ஒரு சாமான் இல்லையென்றால் படுத்துக்கிடக்கும் வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிடுவார்கள்.

அதையேதான் கம்ப்யூட்டருக்கும் செய்திருக்கிறார். லேத் பட்டறையில் கிடந்த அரதப் பழசான கம்ப்யூட்டரில் அதே பெயரில் ஒரு ஃபைல் இருப்பதைப் பார்த்து, பென்டிரைவில் கழற்றிக்கொண்டு வந்து அண்ணன் மிஷினில் மாட்டிவிட்டார். அது இருந்தால் பக்கத்தில் இருப்பதும் தேவைப்படும் என்று கூடவே ஒரு கை அள்ளிப்போட்டிருக்கிறார். "இருக்கிறதை மாத்தவா?" என்று கம்ப்யூட்டர் கேட்ட இடத்திலெல்லாம் "மாத்து" என்று அமுக்கியிருக்கிறார்.

போன் போட்டேன்.

"ஏம்ப்பா தங்கராசு, பட்டறை மிஷின் முப்பத்திரண்டு பிட்டு. இது அறுபத்துநாலு. அதுல உள்ளதை இதுல கொண்டாந்து வச்சா எப்பிடி?"

"பேரு ஒண்ணாத்தானக்கா இருந்துச்சு."

"பெட்ரோல் வண்டி பம்ப்பைக் கழட்டி டீசல் வண்டியில மாட்டுவியா?"

"யாராச்சும் மாட்டுவாங்களா?"

"அதுக்கும் பம்ப்புண்டுதான் பேரு."

"அண்ணன் மூணு நாளா மூஞ்சியத் தொங்கப்போட்டு ஒக்காந்திருந்தாருக்கா. பாக்க மனசில்லாம கை வச்சிட்டேன். சரிபண்ணிக் குடுத்துருங்க" என்றார். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை.

எதை எதை மாற்றினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. இந்த மாதிரி நிலையில் எங்கள் தொழிலில் ஒரே மருந்துதான். ஃபார்மேட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டு, கேமையும் திரும்ப இறக்கிவிடுவது. மூளைக்கு வேலையில்லை.

"அண்ணே, ஃபார்மேட் போட்டிருவோம். கேமைத் திரும்ப இறக்கிக்கலாம். கேம் அக்கவுண்ட்டு பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க."

"பாஸ்வேர்டு கேக்குமா?"

"புதுசாப் போட்டா கேக்கும்ல."

"அது பயகிட்டதான் இருக்கு."

பயல் என்றால் பாண்டி, அவருடைய ஒரே மகன். மஸ்கட்டில் இருக்கிறான்.

"அதுக்கென்ன, போன் போட்டுக் கேளுங்க."

நான் போனை எடுத்து, "நம்பரைச் சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றேன். அவர் என் போனைக் கையால் மறைத்து மேசையில் வைத்தார்.

"நீ கேட்டா நான் கேக்கச் சொன்ன மாதிரில்ல ஆகும்."

4. அவர் சொன்னது

நான் டீ வரவழைத்துக் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்த பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

ஜீப்பை மகன் ஓட்டுவான் என்று இவர் நம்பியிருக்கிறார். மகனோ அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு விசா வாங்கி, மஸ்கட்டில் ட்ரெய்லர் ஓட்டப் போய்விட்டான். "இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று இவர் சொன்னது சொன்னதுதான். வீட்டில் அம்மாவும் மகனும் போனில் பேசினால் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். லீவில் வந்த மகன், இடுப்பு போய் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். பேசவில்லை. கம்ப்யூட்டரும் ஸ்டியரிங் செட்டும் வாங்கி மாட்டி, எப்படி ஓட்டுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவா லாரி ஓட்டப்போகிறாள்?

வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாள் இவர் அதில் உட்கார்ந்திருக்கிறார். பிடித்துவிட்டது. நெட் வழியாகப் பலர் சேர்ந்து ஓட்டும் ஆட்டம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கிரீனில் இவர் லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. மேலே பாண்டி என்று பெயர். இவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. இவர் நின்றால் நின்றது. அடுத்த வெள்ளியும் வந்தது. அதிலிருந்து அவனுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பேச்சு இல்லை. எப்போதாவது ஹாரன், அவ்வளவுதான்.

"வாரம் பூரா ட்ரெய்லர் ஓட்டுறவன், லீவு நாள்லயும் ஒக்காந்து லாரி ஓட்டுறானா?" என்றேன்.

"அதான் தங்கச்சி நானும் யோசிச்சேன்."

"மதினிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. சொன்னா ஊரைக் கூட்டிரும்."

இப்போது வெள்ளிக்கிழமைக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். இரண்டு வெள்ளிக்கு முன்னால் மகனுடைய லாரி ஒரு வளைவில் இவரை ஓவர்டேக் செய்திருக்கிறது. மலையில் வண்டி ஓட்டியவருக்கு அது பொறுக்குமா? சுர்ரென்று வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மிஷினை ஆஃப் செய்துவிட்டார். கோபம் ராத்திரிக்குள் போய்விட்டது. அடுத்த வெள்ளி மனசாறி உட்கார்ந்தால் கேம் திறக்கவில்லை.

"நான் கோவிச்சுக்கிட்டு வரலேண்டுதான அவன் நெனப்பான்? இந்த வாரமும் போகலேன்னா அதோட விட்டுருவான். அவன் என்னை மாதிரி. விட்டா விட்டதுதான்."

ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டு நாளை மறுநாள் வாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தினார். கத்தட்டும்.

5. வேலை

ஃபார்மேட் இல்லாமல் சரிசெய்ய வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காக இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் தங்கராசு கொண்டுவந்தவற்றைத் தேடி எடுத்தேன். பென்டிரைவை வாங்கி, அதில் இருந்த பெயர்களை மிஷினில் இருந்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, வெளியூர் ஃபைல்களைக் கழித்தேன். பிறகு கறுப்பு விண்டோவைத் திறந்து, விண்டோஸ் தன்னுடைய சொந்த ஃபைல்களைத் தானே சரிபார்த்து நிரப்பிக்கொள்ளும் கட்டளையைக் கொடுத்தேன். அது ஊர்ந்து ஊர்ந்துதான் போகும், பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிக்கக்கூடாது. அதன்பிறகு, காணாமல்போன அந்த ஃபைல் அடங்கிய செட், விஷுவல் சி ரன்டைம். டிஎல்எல்லை ஒற்றையாகத் தரும் வெப்சைட்டுகள் ஆயிரம் இருக்கின்றன, பாதியில் வைரஸ். அங்கே போகாதீர்கள். விண்டோஸ் கம்பெனியின் சொந்த சைட்டில் முழு செட்டாகவே கிடைக்கும். அறுபத்துநாலு பிட் மிஷினாக இருந்தாலும் இரண்டு பிட்டுக்கும் உரியதைப் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால் ரிப்பேர் கொடுக்க வேண்டும். கடைசியில் ரீஸ்டார்ட்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேமை அழுத்தினேன். கறுப்பு ஸ்கிரீன். அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு மெல்ல வெளுத்து, ஒரு லாரி ரோட்டில் நின்றது. மியூசிக் வந்தது. எனக்கு அந்தப் பழைய கூச்சல் காதில் கேட்ட மாதிரி இருந்தது. அண்ணன் கூச்சல் போடுகிற ஆள் இல்லை. சாக்கை உதறி மடிக்க ஆரம்பித்தார்.

6. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு லீவு. வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுவிட்டு, முந்தல் போகும் ரோட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஸ்டியரிங் செட்டை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். செல்லத்தாயி மதினி அடுப்படியில் இருந்தார். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கடைசி வயரைச் செருகிய நிமிஷம் கரண்ட் போனது.

எங்கள் ஊரில் மலையில் மழை என்றால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணன் இருட்டு ஸ்கிரீனுக்கு முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மதினி காபி கொண்டுவந்து வைத்தார், ஆறியது.

"வந்து பாத்துட்டுப் போயிருப்பான்" என்றார் அண்ணன் ஒருமுறை.

மழை விட்டு வெகுநேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. மிஷின் எழுந்து, கேம் திறந்து, அண்ணனுடைய லாரி டிப்போவில் வந்து நின்றது. எதிரே ரோட்டோரம் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. நான்கு பக்கமும் இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. மேலே பாண்டி என்று பெயர்.

அண்ணன் ஹாரன் அடித்தார். அந்தப் பக்கமும் ஹாரன் அடித்தது. இரண்டும் கிளம்பின.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். சவுண்டு சரியாக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் நின்றேன். செட்டோடு வந்த மைக் இன்னும் கவரைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதையும் எடுத்து மாட்டினேன்.

"அண்ணே, இந்தக் கீயை அமுக்கிக்கிட்டா பேசலாம். அவனுக்குக் கேக்கும்."

"அதெல்லாம் வேணாம்."

இந்த முறை மகன் முன்னால் போனான். மலை ரோடு. ஏறி முடித்து இறக்கம் ஆரம்பித்தது. மகனுடைய லாரியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வளைவு தாண்டியும் அணையவில்லை. அடுத்த வளைவிலும் எரிந்தது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே போனான். அண்ணனுடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். காலால் தரையை மிதித்தார். இத்தனை வருஷம் மெட்டில் ஏறி இறங்கியவர் பார்க்கக்கூடாத காட்சி அது. பிரேக் சூடானால் பிடிக்காது, பிடிக்காவிட்டால் கீழே பள்ளம்.

அவர் விரல் அந்தக் கீயை அமுக்கியது.

"டேய், பிரேக்க விடுடா. கியர்ல எறங்கு."

சிவப்பு விளக்கு அந்த நொடியே அணைந்தது. தினமும் ட்ரெய்லர் ஓட்டுகிறவனுக்கு இறக்கத்தில் கியரில் இறங்க வேண்டும் என்று தெரியாதா? தெரிந்துதான் மிதித்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரில் "சரிப்பா" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே கிடந்த வயரைச் சுற்றுவது மாதிரிக் குனிந்துகொண்டேன். அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு மதினி ஓடிவந்தார்.

"ஏங்க, பாண்டி சத்தம் கேக்குது? எங்க இருக்கான்? பாண்டி... ஏய்யா..."

அண்ணன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டுறான். வளைவு தாண்டட்டும், பேச்சுக் குடுக்காத."

மதினி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.

பிள்ளைகளே, எந்த ஃபைல் இல்லை என்பதை ஸ்கிரீனே எழுதிக் காட்டிவிடும். அந்த மிஷின் எதற்காக ஓட வேண்டும் என்பதைக் கொண்டுவந்தவர்தான் சொல்ல வேண்டும், அவரும் லேசில் சொல்ல மாட்டார். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஃபார்மேட் அடிக்கலாமா என்று யோசியுங்கள்.